தண்ணியில ஒரு ஆரஞ்சு கோட்டு

— தட்டினது போதும் சம்பந்தியம்மா. கை எப்படிச் செவந்து போச்சு பாருங்க.

— போதுமா? நாம என்ன எலியா சம்பந்தி, பொறியில போட்டு மூடி வைக்கறதுக்கு? ஏய்! மேல யாருப்பா? கதவைத் தொறங்க!

— அவங்க காதுல விழாது. காத்து போடற சத்தத்துல எனக்கே உங்க குரல் பாதிதான் கேக்குது.

— என் குரல் பாதிதான் கேக்குதா? முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவ நான். முன்னாடி படிக்கட்டுல நின்னு கத்தினா பின்னாடி சீட்டுல தூங்கறவன் எந்திரிச்சு உக்காருவான், ஆமா.

— அது பஸ்ஸு. இது கடலு. அலை மேல்தளத்துல ஏறி வருது, தண்ணி உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் மூடியிருக்காங்க. அடங்கினதும் தொறப்பாங்க. நீங்க வந்து உக்காருங்க, தப்பா நெனைக்காதீங்க, நீங்க நிக்கறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது.

— நம்மளை உள்ள அனுப்பினாங்க, சரி. நம்ம பிள்ளைங்களை ஏன் மேலயே வச்சுக்கிட்டாங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க.

— இப்ப அவங்க முறைங்க. இந்தக் கப்பல்ல வர்றவங்க எல்லாரும் முறை போட்டுக் கயிறு இழுக்கணும்னு முதல் நாளே சொன்னாங்களே. காத்து திடீர்னு திரும்பினப்ப அவங்க ரெண்டு பேர் கையிலயும் கயிறு இருந்துச்சு. பாதியில எப்படி விடுவாங்க?

— லீவுக்கு வந்தவனை வேலை வாங்கற கப்பலை நான் இங்கதான் பார்க்கறேன். பாய்மரக் கப்பலாம், பழைய காலத்து மாதிரியாம், மரத்து மேல ஏறலாமாம். பழைய காலத்துல எத்தனை கப்பல் முழுகிச்சுன்னு ஒருத்தனாவது சொன்னானா? என்னைக்காவது என் பஸ்ல வந்தவங்களை எறங்கித் தள்ளுங்கன்னு நான் சொல்லியிருக்கேனா?

— சொல்லியிருக்கீங்க. அந்தப் பாலத்துல வண்டி நின்னு போன கதையை நேத்துதானே சொன்னீங்க.

— அது வேற. ஐயையோ, பெட்டி! பெட்டி வருது, காலைத் தூக்குங்க!

— தூக்கிட்டேன். என் கண்ணாடி... கண்ணாடி விழுந்துடுச்சு. எங்க உருண்டுச்சு, தெரியுதா?

— கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அசையாதீங்க, கம்பியைப் பிடிங்க. கப்பல் நிமிரட்டும், எடுத்துத் தர்றேன். நிமிருமா?

— நிமிரும்.

— நிமிராம போனா?

— அப்படியெல்லாம் பேசாதீங்க சம்பந்தியம்மா.

— சரி. பேசல. வாயை மூடிக்கிட்டு உக்காரு, உக்காருன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு சம்பந்தி. உங்களுக்குப் பழக்கம். காலம் பூரா லைப்ரரியில உக்காந்து 'உஷ்'னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தவங்க. எனக்குப் பேச்சு நின்னா மூச்சு நின்ன மாதிரி.

— அப்பப் பேசுங்க. வேற எதாவது பேசுங்க.

— பக்கத்து அறையில ரெண்டு பேர் வாந்தி எடுக்கறாங்களே, அதைப் பேசவா?

— வேண்டாம்.

— மத்த பயணிங்க அத்தனை பேரும் சுருண்டு கெடக்கறாங்க. நம்ம ரெண்டும்தான் மேல. எம்பையன் ஒருத்தன், உங்க பொண்ணு ஒருத்தி. இதுக்குத்தானா நம்மளைக் கூட்டிட்டு வந்தாங்க? 'ரெண்டு அம்மாவும் கண்டிப்பா வரணும், ஒரு விஷயம் சொல்லணும்'னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு.

— என்ன புரிஞ்சுது?

— ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறீங்களே. விசேஷம்தான். பேரனோ பேத்தியோ. நேத்து சாப்பிடறப்ப உங்க பொண்ணு தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போனா, நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அது கப்பல் ஆட்டம்.

— ஆட்டமும்தான். அதான் சொல்றேன், வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு அவ எதுக்குக் கயிறு இழுக்கணும்? கீழ வரட்டும், காதைத் திருகறேன்.

— சம்பந்தியம்மா...

— இருங்க. என்ன சத்தம் அது?

— மணி. கப்பல் மணி அடிக்கறாங்க.

— சாப்பாட்டு மணியா?

— இது விடாம அடிக்குதே. யாரோ ஓடறாங்க. நம்ம தலைக்கு மேல. கேக்குதா?

— கத்தறாங்க. பேசாம இருங்க. 'ஆள்'ங்கறான். 'ஆள் தண்ணியில'ங்கறான் சம்பந்தி!

— உங்களுக்குச் சரியாக் கேட்டுச்சா?

— கூட்டத்துக்குள்ள சில்லறை விழுந்தா எந்தப் பக்கம்னு சொல்லுவேன். 'ஆள் தண்ணியில விழுந்துட்டாங்க'ன்னுதான் கத்தறான். தள்ளுங்க, தள்ளுங்க, அந்த வட்ட ஜன்னல் வழியாப் பார்க்கறேன். மேல் கட்டில்ல ஏறினா எட்டும்.

— இந்த ஆட்டத்துல ஏறாதீங்க!

— காலைப் பிடிச்சுத் தூக்கிவிடுங்க. இன்னும். ம், எட்டிட்டேன்.

— என்ன தெரியுது? எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

— ஒண்ணும் இல்ல. பச்சையா தண்ணி. ஜன்னல் முழுகுது. இப்ப வானம். மறுபடியும் தண்ணி.

— ஆள் யாராவது?

— இல்ல.

— நல்லாப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தானே... 

— என்ன? ஏன் நிறுத்திட்டீங்க? சம்பந்தியம்மா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?

— ஒரு கோட்டு தெரியுது.

— கோட்டா? வெறும் கோட்டா?

— கை அடிக்குது. ஆள்தான். அலைக்குப் பின்னாடி போயிடுச்சு.

— என்ன கலர்?

— சரியாத் தெரியல.

— பொய். உங்க குரலே சரியில்ல. கப்பல்காரங்களுக்கு நீலக் கோட்டு. நமக்கெல்லாம் ஆரஞ்சு. என்ன கலர்னு சொல்லுங்க.

— ஆரஞ்சு.

— கடவுளே.

— ஆரஞ்சு சம்பந்தி. மேல ஆரஞ்சு போட்டிருக்கறது ரெண்டே பேர்தான்.

— எறங்குங்க. விழுந்துடப் போறீங்க, எறங்கி வாங்க. கையைக் கொடுங்க. ஆணா பொண்ணான்னு...

— குல்லா மூடியிருக்கு. தலை ஒரு புள்ளி மாதிரி இருக்கு. கப்பல் அதை விட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கு சம்பந்தி. பிரேக் போட மாட்டானா? ஒரு ஆள் விழுந்தா வண்டியை நிறுத்தணும்னு தெரியாது?

— பாய்க்கப்பலை உடனே நிறுத்த முடியாது. பாயைத் திருப்பிக் காத்தை எதிர்ப்பக்கம் வாங்கினாத்தான் நிக்கும். சமையல்காரர் நேத்து சொன்னாரு. கேளுங்க, பாய் படபடன்னு அடிக்குது. திருப்பறாங்க.

— எம்பையனுக்கு நீச்சல் தெரியாது.

— லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரு.

— குளத்துல முட்டிக்கால் தண்ணியில நின்னாலே எம்புடவையைப் பிடிச்சுக்குவான். இந்தத் தண்ணியில ஜாக்கெட் என்ன பண்ணும்? ஆனா அவளா இருக்கக் கூடாது. கடவுளே, அவளா இருக்கக் கூடாது. அவ ரெண்டு உயிரு. ரெண்டு உயிருக்காக ஒரு உயிருன்னு கேக்கறதா? என்னன்னு வேண்டுவேன் நான்? பெத்தவ வாயால எப்படி வேண்டுவேன்? சொல்லுங்க சம்பந்தி. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஐயோ, அவனுக்கும் ஆகக் கூடாது.

— சம்பந்தியம்மா, நிறுத்துங்க.

— நிறுத்த முடியல.

— நீங்க எம்பொண்ணுக்காக வேண்டறதை என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல. பேசாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். முடியல.

— என்ன சொல்றீங்க?

— அவ மாசமா இல்ல.

— யாரு சொன்னா?

— எனக்குத் தெரியும். அது இல்ல விஷயம்.

— இல்லையா?

— இல்ல.

— அப்ப... அப்ப உங்க பொண்ணாவே இருக்கட்டும்.

— என்னது?

— அவளுக்கு நீந்தத் தெரியும்ல? கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னீங்களே, நீச்சல்ல பரிசெல்லாம் வாங்கியிருக்கான்னு. அவ விழுந்தா பொழைச்சுக்குவா. அவன் விழுந்தா போயிடுவான். அதனால அவளா இருக்கட்டும். கடவுளே, அவளா இருக்கட்டும். தப்பா?

— அந்த அலையில எந்தப் பரிசு நீந்தும்? உங்க வாயால எப்படி வருது இது?

— எம்பிள்ளை சம்பந்தி!

— எனக்கும் பிள்ளைதான்! உங்களுக்காவது வீட்ல இன்னொருத்தன் இருக்கான். எனக்கு அவரும் போயிட்டாரு, இவ ஒருத்திதான். ஒண்ணே ஒண்ணு!

— என்ன சொன்னே?

— ஒண்ணும் சொல்லல.

— இன்னொருத்தன் இருக்கானா? ஏய், பிள்ளைங்க என்ன பஸ்ஸா, ஒண்ணு போனா அடுத்ததுல ஏறிக்கலாம்னு நிக்கறதுக்கு?

— தெரியாம வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க.

— தெரியாம வரல. அடியில கெடந்ததுதான் வருது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. விடு.

— கையை விடுங்க, வலிக்குது.

— விட மாட்டேன். விட்டா நான் கீழ விழுந்துடுவேன். சொல்லு, மாசமா இல்லைன்னா வேற என்ன விஷயம்? எதைச் சொல்ல நம்மளைக் கூட்டிட்டு வந்தாங்க?

— இப்ப வேண்டாம்.

— இப்பதான் வேணும். நாளைக்குக் கேக்கறதுக்கு ஆள் இருக்குமோ இருக்காதோ.

— அவங்க பிரியப் போறாங்க.

— யாரு?

— நம்ம பிள்ளைங்க. முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டு அம்மாவையும் ஒண்ணா உக்கார வச்சு, நல்லபடியாச் சொல்லணும்னுதான் இந்தப் பயணம். எனக்கு எம்பொண்ணு முன்னாடியே சொல்லிட்டா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா.

— சண்டையா?

— சண்டை இருந்திருந்தா நான் போயி சமாதானம் பண்ணியிருப்பேனே. சண்டை கூட இல்லம்மாங்கறா. ஒரே வீட்ல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம், சாவி எங்க, பால் தீர்ந்துச்சா, இவ்வளவுதான் பேச்சுங்கறா.

— எங்கிட்ட ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லல. வாரம் தவறாம போன் பண்றான். 'நல்லா இருக்கோம்மா'ங்கறான். நல்லா இருக்கோம்மா!

— அழாதீங்க.

— சம்பந்தி. ஒண்ணு கேக்கட்டா? நெஜத்தைச் சொல்லு.

— என்ன?

— விழுந்தது அவனா இருந்தா... தவறி விழுந்திருப்பானா? இல்ல, வெறுத்துப் போயி... கையை விட்டுட்டானோ?

— சீச்சீ! என்ன நெனப்பு இது!

— உள்ளயே வச்சுக்கறவன் அவன். சின்ன வயசுல பல்லு விழுந்ததைக் கூட ஒளிச்சு வச்சவன். பயமா இருக்குடி எனக்கு. கடலைப் பார்த்து இல்ல. அவனைப் பெத்து வளர்த்தும் அவன் மனசு எனக்குத் தெரியலையே, அது பயமா இருக்கு.

— என்னைப் பாருங்க. உங்க பையன் அப்படிப்பட்டவர் இல்ல. எம்பொண்ணு அவரைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. எந்திரிங்க. மறுபடியும் ஏறிப் பாருங்க. நான் தாங்கிக்கறேன்.

— எனக்குப் பார்க்கத் தெம்பு இல்ல.

— எனக்குப் பார்க்கக் கண்ணு இல்ல. நீங்கதான் பார்க்கணும். ஏறுங்க அக்கா.

— பிடிச்சுக்கோ. கப்பல் நின்ன மாதிரி இருக்கே.

— நின்னுடுச்சு. பக்கவாட்டுல ஆடுது. தெரியுதா?

— தண்ணி... தண்ணி... இரு. தெரியுது. ஆரஞ்சு. அங்கயேதான் இருக்கு. மெதக்குது. ஐயோ!

— என்ன ஐயோ?

— ரெண்டு.

— என்ன ரெண்டு?

— ரெண்டு ஆரஞ்சு இருக்குடி! ரெண்டு பேரும் தண்ணியில இருக்காங்க!

— ரெண்டு பேருமா?

— ஒண்ணு இன்னொண்ணை நோக்கிப் போகுது. இடுப்புல கயிறு இருக்கு, கப்பல்ல இருந்து போற கயிறு. ஒருத்தர் விழுந்து, இன்னொருத்தர் குதிச்சிருக்காங்க.

— குதிச்சது எம்பொண்ணுதான். பைத்தியக்காரி. அவளைத் தவிர யாரு குதிப்பா?

— எம்பையனா இருந்தா? நீச்சல் தெரியாதுன்னு ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிருப்பான் அந்த மடையன்.

— எட்டிட்டாங்களா?

— இன்னும் இல்ல. அலை நடுவுல வந்துடுச்சு. ஒண்ணுதான் தெரியுது. ஒண்ணுதான் தெரியுதுடி.

— அக்கா, வேண்டிக்கோங்க.

— இப்ப என்னன்னு வேண்டறது? அவளா அவனான்னு பேரம் பேசினோமே, ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே!

— ரெண்டு பேரும் வேணும்னு வேண்டுங்க. எனக்கு உங்க பையனும் வேணும். வாய்க்கு இல்ல, நெஜமாச் சொல்றேன்.

— எனக்கும் உம்பொண்ணு வேணும். நான் சொன்னதெல்லாம் அந்தத் தண்ணியோட போகட்டும். பிரிஞ்சு போகட்டும், ஆளுக்கொரு மூலையில இருக்கட்டும், என் மூஞ்சியிலயே முழிக்க வேண்டாம். உயிரோட இருந்தாப் போதும்.

— தெரியுதா இப்ப?

— பிடிச்சுட்டாங்க! ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டாங்க! கழுத்தைக் கட்டிக்கிட்டிருக்கு ஒண்ணு. நடுவுல வெள்ளையா ஒரு மெதவை வளையம். கயிறு இறுகுது. இழுக்கறாங்க. இழுங்கடா! இன்னும் இழுங்க! ஐயோ, மெதுவா!

— வர்றாங்களா?

— கிட்ட வந்துட்டாங்க. கப்பல் ஓரத்துக்கு வந்துட்டாங்க, ஜன்னல்ல தெரியல. நேரா மேல இருக்காங்க. கேளு. ஏதாவது கேக்குதா?

— ஒண்ணும் கேக்கல.

— ஏன் கேக்கல? சந்தோஷமா இருந்தா கத்துவாங்கள்ல? ஏன் ஒருத்தனும் கத்தல?

— அக்கா, கீழ எறங்குங்க. இனிமே உங்களைத் தூக்கிப் பிடிக்க முடியல.

— எறங்கிட்டேன். வா, கதவுகிட்ட. தட்டு. நீயும் தட்டு. ஏய்!

— தொறங்க! யாராவது தொறங்க!

— அடியே, உனக்குக் கூட இவ்வளவு சத்தம் வருமா? தட்டு! தாழ்ப்பாள் அசையுது. தள்ளி நில்லு, தொறக்கறாங்க.

— யாரு? எனக்குத் தெரியலையே, வெளிச்சம் கூசுது. யாரு அக்கா அது?

— அம்மா, நான்தாம்மா.

— கண்ணு! வந்துட்டியா! ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கே! இந்தா, என் சால்வை. நடுங்கறாளே!

— எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அத்தை, நீங்க ஏன் அப்படியே நிக்கறீங்க?

— அவன் எங்க?

— மேல இருக்காரு அத்தை. நல்லா இருக்காரு.

— ஏன் உங்கூட வரல?

— வருவாரு. நெறைய தண்ணி குடிச்சுட்டாரு. கக்க வச்சு, கம்பளி போத்தி உக்கார வச்சிருக்காங்க.

— எங்கண்ணைப் பார்த்துச் சொல்லு. ஏன் குனியறே? எதை மறைக்கறே? எம்பிள்ளை மூச்சு விடறானா?

— ஐயோ அத்தை! சத்தியமா. கொஞ்சம் பேசாம கேளுங்க. படிக்கட்டு மேல இருமறது கேக்குதா?

— இரு... கேக்குது.

— அவர்தானே?

— அவன்தான். மூணு இருமல், ஒரு செருமல். பொறந்ததுல இருந்து அதே இருமல். கடவுளே, இருமுடா, நல்லா இருமு! சம்பந்தி, கேக்குதா உனக்கு?

— கேக்குது அக்கா.

— எப்படி விழுந்தான்? தவறித்தானே விழுந்தான்?

— தவறித்தான் அத்தை, வேற எப்படி? இடுப்புக் கொக்கியைக் கழட்டி அடுத்த கயித்துல மாட்டணும். மாட்டறதுக்குள்ள அலை வந்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். வளையத்தைத் தூக்கிப் போட்டேன், அவருக்கு எட்டல. கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டுக் குதிச்சுட்டேன். கேப்டன் இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்காரு.

— திட்டட்டும். பெத்தவளை ஒரு நொடி நெனச்சியாடி நீ?

— இல்லம்மா. யாரையும் நெனைக்கல.

— யாரையும் நெனைக்கலையாம்! கேட்டியா லைப்ரரி? எம்பையனைத் தவிர யாரையும் நெனைக்கல. என்னென்னமோ சொன்னியே, வாடகைக்காரங்க மாதிரின்னு. வாடகைக்காரனுக்காக எவளாவது கடல்ல குதிப்பாளா? அம்மாடி, இங்க வா. நான் உன்னை... வேண்டாம், அதை நான் சொல்ல மாட்டேன், உங்கம்மாவுக்குத் தெரியும். இனிமே நீ என்ன சொன்னாலும் சரி. எம்பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவ நீ.

— அத்தை, அழாதீங்க. உக்காருங்க முதல்ல.

— உக்காரல. சொல்லு, தண்ணியில அவன் உங்கிட்ட பேசினானா?

— பேசினாரு. வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு, கப்பல்ல இழுத்து முடிக்கற வரைக்கும் பேசினாரு. எங்க வீட்ல ஒரு மாசத்துல பேசாத பேச்சு.

— பார்த்தியா, பார்த்தியா! என்ன சொன்னான்?

— அம்மா, நீயாவது அத்தையைப் பிடிச்சுக்கோ.

— எதுக்குப் பிடிக்கணும்? இன்னும் என்ன இருக்கு பயப்படறதுக்கு? உயிரோட இருக்கான், இருமறான், பெத்தவ இங்க துடிச்சுக்கிட்டிருக்கா, படிக்கட்டுல உக்காந்துக்கிட்டு ஏன் கீழ வர மாட்டேங்கறான்? அதைச் சொல்லு முதல்ல.

— நான் சொல்லி முடிச்சாத்தான் வருவாரு அத்தை. 'இந்தக் கடலுக்குக் கூட இவ்வளவு பயப்படல, நாம பிரியறோம்னு எங்கம்மாகிட்ட நீயே போயி சொல்லிடு'ன்னு தண்ணியில என் கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கெஞ்சினாரு.